பல்லுக்கு இன்ஷூரன்ஸா, சிறுவாடா?

"ஏங்க்கா, பல்லுக்குக்கூட இன்ஷூரன்ஸ் வந்திருக்காமே! எடுத்து வைக்கலாமா?"

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போதும், கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு உட்கார்ந்திருக்கும்போதும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. குடும்பத்தில் ஒருவர் பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தாலே அந்த மாத பட்ஜெட்டில் ஓட்டை விழுந்துவிடுகிறது. பல்லில் விழுந்த ஓட்டையைவிட அது பெரிய ஓட்டை!

எடுக்கலாமா, வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. பாலிசி உண்மையில் எதற்குப் பணம் தருகிறது? பாலிசி இல்லாமலே நல்ல வைத்தியம் எங்கே கிடைக்கும்? வீட்டுக் கணக்கில் பல்லுக்கு எப்படி ஒதுக்குவது? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

கையில் இருக்கும் பாலிசியில் பல் உண்டா?

"எங்களுக்குத்தான் மெடிக்ளெய்ம் இருக்கே, பல்லுக்கும் அதில் வாங்கிக்கலாமே" என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான பாலிசிகளில் அது நடக்காது.

சாதாரண மருத்துவ இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது. சொத்தையை அடைப்பது, பல்லைப் பிடுங்குவது, காரை எடுத்துச் சுத்தம் செய்வது, ரூட் கனால் என்கிற வேர் சிகிச்சை எல்லாமே டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்ததும் எழுந்து வீட்டுக்கு வருகிற வேலைகள். ஆகையால் பாலிசியின் கணக்கில் இவை வருவதில்லை. பல பாலிசிகளில் 'பல் சிகிச்சை கிடையாது' என்றே எழுதியிருக்கும்.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கும். அதை நாம் படிப்பதில்லை. விபத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பல்லுக்கோ தாடைக்கோ வைத்தியம் செய்தால் பணம் உண்டு என்பதே அது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வாயில் அடிபடுவது நம் ஊர்களில் அபூர்வமா என்ன? அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி தர வேண்டும் என்று 2020-ல் கொண்டுவரப்பட்ட 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில், நோயினாலோ காயத்தினாலோ தேவைப்படும் பல் சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதுவும் ஆஸ்பத்திரிச் செலவு என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. மருமகளின் சொத்தைப் பல்லை அடைத்த பில்லை நீட்டினால் பணம் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பெரிய ஆபரேஷன்களுக்காக ஏற்பட்டது. தினப்படி பல் வைத்தியத்துக்கு அந்த அட்டையை நம்பியிருக்க வேண்டாம். அதற்கு அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாலிசிப் புத்தகம் தலையணை கனம் இருக்கிறது, யார் படிப்பது என்கிறீர்களா? 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு மருத்துவ பாலிசியோடும் முக்கிய விவரங்களைச் சுருக்கி ஒரு தகவல் தாள் தர வேண்டும் என்பது சட்டம். தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் அரை மணி நேரம் அதை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

தனியாகச் சேர்த்துக் கொள்வது லாபமா?

ஆஸ்பத்திரியில் சேராமல் செய்துகொள்ளும் வைத்தியத்துக்கும் பணம் தருகிற பாலிசிகள் இப்போது உண்டு. 'ஓ.பி.டி. வசதி' என்பார்கள். சிலவற்றில் பல்லும் சேரும். அதற்குத் தனியாகப் பிரீமியம் கேட்பார்கள். ஏஜெண்ட் வந்து உட்கார்ந்தால், காப்பி கொடுத்த கையோடு இந்தக் கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்:

1. பல்லுக்காக மட்டும் வருடத்துக்கு எவ்வளவு அதிகம் கட்ட வேண்டும்?

2. வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்? அது ஒரு ஆளுக்கா, குடும்பம் முழுவதற்குமா?

3. பில்லில் முழுப் பணமா, பாதியா?

4. எடுத்த நாளிலிருந்தே உண்டா, சில மாதம் காத்திருக்க வேண்டுமா?

5. ஏற்கெனவே சொத்தையாய் இருக்கும் பல்லுக்கு உண்டா?

6. பல்லுக்குக் கம்பி கட்டுவது, இம்ப்ளாண்ட், பல் செட் இவற்றுக்கு உண்டா?

7. நம் ஊரில் எந்தப் பல் டாக்டரிடம் போனால் செல்லும்?

பதில்களை அவரையே ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

இப்போது ஒரு கணக்கு. இதில் வரும் தொகைகள் எந்தக் கம்பெனியுடையதும் அல்ல, புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. பல்லுக்காக வருடம் 4,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பாதிச் செலவைத் தரும், ஆனால் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் தராது.

ஒரு வருடம் இரண்டு சொத்தையை அடைத்து, ஒருவருக்குச் சுத்தமும் செய்து 3,000 ரூபாய் செலவு. கம்பெனி 1,500 தரும். நம் கையிலிருந்து போனது பிரீமியம் 4,000, பாதிச் செலவு 1,500, ஆக 5,500 ரூபாய். பாலிசி இல்லாவிட்டால் 3,000-தான்!

இன்னொரு வருடம் ரூட் கனால் செய்து மேலே கேப் போட்டு 10,000 ரூபாய். கம்பெனி 5,000 தரும். நம் கையிலிருந்து 9,000. பாலிசி இல்லாவிட்டால் 10,000. பெரிய செலவு வந்த வருடத்திலும் மிச்சம் ஆயிரம் ரூபாய்.

ஏன் இப்படி ஆகிறது? வீடு தீப்பிடிப்பது, இருதய ஆபரேஷன் போன்றவை ஆயிரத்தில் ஒருவருக்குத் திடீரென்று வருகிறவை, வந்தால் குடும்பத்தையே சாய்த்துவிடுகிறவை. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த ஒருவரைத் தூக்கி நிறுத்தலாம். இன்ஷூரன்ஸின் தத்துவமே அதுதான். பல் அப்படியில்லை. இன்றோ நாளையோ எல்லார் வீட்டிலும் வரும். எல்லாருக்கும் வருகிற செலவை எல்லாரிடமும் வசூலித்துத்தான் கம்பெனி தர முடியும். நடுவில் ஆபீஸ் செலவும் ஏஜெண்ட் கமிஷனும் போக வேண்டும் அல்லவா?

அமெரிக்காவிலே பல்லுக்கு எல்லாரும் தனி இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறார்களே என்று அங்கே பிள்ளைகள் இருக்கும் அம்மாக்கள் கேட்பார்கள். அங்கே அதற்கு வித்திட்டது 1954-ல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக ஏற்பட்ட பல் வைத்தியத் திட்டம். இன்றைக்கும் பெரும்பாலோருக்கு அது வேலை தருகிற இடத்தின் மூலமாகவே கிடைக்கிறது. அங்கேயும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. சுத்தம் செய்வதற்கு முழுப் பணம் தருகிற பல பாலிசிகள் கேப் போடுவதற்குப் பாதிதான் தருகின்றன. அங்கே பல் வைத்தியக் கட்டணம் மிக அதிகம். அந்தக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது.

அப்படியானால் யாருக்கு லாபம்? வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியே பிரீமியத்தைக் கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொள்ளுங்கள். வேறு காரணத்துக்காக எடுக்கும் பாலிசியில் அதிகப் பணமில்லாமல் பல்லும் சேர்ந்து வந்தால் அதுவும் சரி. பல்லுக்காகவே தனியாகக் கைக்காசு கட்டுவதென்றால் மேலே சொன்ன கணக்கை உங்கள் தொகைகளைப் போட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

சில கிளினிக்குகளில் 'மெம்பர்ஷிப் கார்டு' என்று கொடுக்கிறார்கள். அது தள்ளுபடிச் சீட்டு, இன்ஷூரன்ஸ் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எடுத்த பாலிசி பிடிக்கவில்லையா? புதுப் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பணம் தராமல் இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தியில்லை என்றாலும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவருக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பாலிசி இல்லாமலே வைத்தியம்

நம் மாநிலத்தில் இந்த விஷயத்தில் நமக்குக் குறையில்லை. தெரியாமல் இருப்பதுதான் குறை.

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் தாலுகா ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் பல் பிரிவு இருக்கிறது. பெரிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில்கூட பல் டாக்டர் இருக்கிறார். பல் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது போன்ற வேலைகள் அங்கேயே ஆகும். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அடுத்தது பல் மருத்துவக் கல்லூரிகள். சென்னையில் பிராட்வேக்கு அதிக தூரமில்லாத அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் ஆரம்பித்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பதும் இப்போது அரசுக் கல்லூரியே. புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள். இவை தவிர தனியார் கல்லூரிகளும் பல ஊர்களில் இருக்கின்றன. அவற்றிலும் வெளியே ஆவதைவிடக் குறைந்த கட்டணமே.

"படிக்கிற பிள்ளைங்க கையில் பல்லைக் கொடுப்பதா!" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மாணவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் தங்கள் ஆசிரியரிடம் காட்டிச் சரி என்று வாங்கின பிறகே மேலே செய்வார்கள். ஆகவே வேலை ஒழுங்காக இருக்கும். ஆனால் நேரம் ஆகும். வெளியே இரண்டு தடவையில் முடிவது இங்கே நாலு தடவை இழுக்கலாம். முதல் நாள் சீட்டு வாங்கிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடிந்து, அப்புறம் எந்தப் பிரிவோ அங்கே அனுப்புவார்கள். வீட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினால் சிரமம் தெரியாது.

மூன்றாவது இ.எஸ்.ஐ. பனியன் கம்பெனி, மில், கடை, தொழிற்சாலை என்று வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் இதைக் கவனியுங்கள். 2017 ஜனவரியில் இதற்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான், முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். 18,000 சம்பளக்காரருக்கு மாதம் 135 ரூபாய் பிடித்தம். அந்தப் பணத்துக்கு மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் வைத்தியம் உண்டு, பல்லுக்கும் சேர்த்து! பிடித்தம் மட்டும் மாதாமாதம் நடக்கிறது, குடும்பத்தார் பெயரைப் பதிவு செய்யாமலே பல வீடுகளில் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். ரயில்வே, ராணுவக் குடும்பங்களுக்கும் அவரவர் ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு.

குழந்தைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2013-ல் மத்திய அரசு ஆரம்பித்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், டாக்டர் குழு ஒன்று அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்து 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கிறது. அவர்கள் பார்க்கும் குறைகளில் பல்லும் ஒன்று. சீட்டு எழுதிக் கொடுத்தால், அதைப் பையிலேயே கசங்கவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

எங்கே போனாலும் பார்க்கிறவர் படித்தவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர் என்றால் பி.டி.எஸ். படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். 1948-லிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. சல்லிசாகப் பல் கட்டித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் ஈறு புண்ணாகித் திரும்பினால், மிச்சப்படுத்தினதைப்போல் பல மடங்கு செலவாகும்.

அஞ்சறைப் பெட்டியில் ஆறாவது அறை

நம் பாட்டிமார் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த இன்ஷூரன்ஸ் சிறுவாடு. கடுகு டப்பாவிலும் சீரக டப்பாவிலும் மறைத்துவைத்த காசு எத்தனை ஆபத்துக்கு உதவியிருக்கிறது! பல்லுக்கும் அதே வழிதான்.

குடும்பத்தில் தலைக்கு மாதம் 75 ரூபாய் என்று வையுங்கள். நாலு பேருக்கு 300. வருடத்தில் 3,600. இரண்டு வருடம் ஒன்றும் நேரவில்லை என்றால் 7,200 ரூபாய் உங்களுடையதாகவே இருக்கும். பிரீமியமாகக் கட்டியிருந்தால் அது போனது போனதுதான்.

பணத்தைத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். 500 ரூபாயில் ஆரம்பிக்கலாம். ஆர்.டி. வேண்டாம். அது ஐந்து வருடக் கணக்கு, நடுவில் நினைத்தபோது எடுக்க முடியாது. பல்வலி ஐந்து வருடம் காத்திருக்குமா?

பெரிய வேலை என்று டாக்டர் சொன்னால் தயங்காமல் மூன்று விஷயம் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதித் தருவீர்களா? எது இப்போதே செய்ய வேண்டியது, எது காத்திருக்கலாம்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் முகம் சுளிக்க மாட்டார். ரொம்பப் பெரிய தொகையாக இருந்தால் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடமும் காட்டலாம். ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனால் செய்துவிட்டு, கேப் போடாமல் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பல் உடைந்துபோனால் முதலில் செய்த செலவும் வீண்.

செலவே வராமல் இருக்க

* ராத்திரி படுக்கப் போகுமுன் பல் தேய்ப்பது காலையில் தேய்ப்பதைவிட முக்கியம். தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. தூங்கும் குழந்தை வாயில் பால் புட்டியை வைக்காதீர்கள்.

* ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் போதும். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. 

* பால் பல் இருபதுதான். ஆறு வயதில் அவற்றுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைக்கிற பல் அல்ல, ஆயுசுக்கும் அதுதான். பால் பல் என்று நினைத்து அம்மாக்கள் அதைச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். முளைத்ததும் டாக்டரிடம் காட்டினால், தேவையானால் மேலே ஒரு பூச்சுப் பூசிப் பாதுகாப்பார்.

* விளையாட்டில் நிலையான பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்து, ஒரு டம்ளர் பாலில் போட்டுக்கொண்டு உடனே ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் திரும்ப வைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

* வலிக்கும் ஈறில் மாத்திரையைப் பொடித்து வைக்காதீர்கள், புண்ணாகிவிடும். கிராம்பு வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், சொத்தையை ஆற்றாது.

* 'மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும்', 'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்பவை வீண் பயங்கள். காரை நிறைந்த பல்தான் கடைசியில் ஆடும்.

கடைசியில் நிற்கும் பல்

ஒரு சின்னச் சொத்தையை அடைக்க ஆகும் செலவு குறைவு. விட்டால் அது நரம்பைத் தொட்டு ரூட் கனாலுக்குப் போகும், செலவு பல மடங்கு. அப்போதும் விட்டால் பல்லையே பிடுங்க வேண்டும். அதோடு போயிற்றா? பக்கத்துப் பல் காலியிடத்தில் சாயும், எதிர்ப் பல் இறங்கும், கட்டுப்பல் வைக்க இன்னும் பெரிய தொகை. பல் செலவை ஏற்றுவது பெரும்பாலும் நம் தள்ளிப்போடுதல்தான்.

அப்படித் தள்ளிப்போகிற பல் யாருடையது என்று கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளைக்கு வலித்தால் மறுநாளே கூட்டிக்கொண்டு போகிறோம். வீட்டுக்காரருக்கு வலித்தால் அவர் லீவு போட்டுப் போகிறார். மாமியாருக்குப் பல் செட் கட்டியாகிறது. நமக்கு வலித்தால்? ஒரு கிராம்பு, ஒரு மாத்திரை, "இந்தப் பக்கம் மென்னுக்கறேன், ஒண்ணும் ஆகலே." எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி ஒரு பக்கமாகவே மூன்று வருடம் மென்றாள். அடைத்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். கடைசியில் இரண்டு கடைவாய்ப் பல் போய், முப்பத்தெட்டு வயதில் முறுக்கையும் கரும்பையும் தொட முடியாமல் இருக்கிறாள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தை பெற்றவர்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது சகஜம். 'பிள்ளை பிறக்கட்டும், பார்க்கலாம்' என்று விடாதீர்கள். பல் வைத்தியத்துக்கு நாலு முதல் ஆறு மாதம் வரை வசதியான காலம், ஆனால் வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதமானாலும் உடனே காட்ட வேண்டும். கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஈறு நோய் சுலபமாக வருகிறது, ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது.

இந்த மாதம் சம்பளம் வந்ததும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் 'பல்' என்று ஒரு பக்கம் தொடங்குங்கள். வீட்டில் உள்ளவர்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினார்கள் என்று எதிரே குறியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும். பட்டியலை எழுதும்போது உங்கள் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். வழக்கப்படி கடைசியில் எழுதினால், அந்த வரி வருவதற்குள் மாதச் சம்பளம் தீர்ந்துவிடும்.